அடாப்டரும் ரசீதும்: கிதார் பெடல் வாங்குவோர் அறிய வேண்டியவை

மின்கிதாரின் ஒலியைக் காலால் மிதித்து மாற்றும் சிறு கருவிகள் பெடல்கள் எனப்படும். அவற்றை வரிசையாகப் பொருத்திய பலகையே பெடல்போர்டு. பல விளைவுகளை ஒரே பெட்டியில் அடக்கிய மல்டி எஃபெக்ட்ஸ் கருவியை வாங்குவோர் அதில் எத்தனை ஒலிகள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கின்றனரே தவிர, மின்செருகித் துளையின் அருகே அச்சிட்டுள்ள குறிப்பைப் படிப்பவர் குறைவு. கருவி கெடுவதும், கெட்டபின் நியாயம் கேட்க முடிவதும் பெரும்பாலும் அந்தக் குறிப்பையும் கடை ரசீதையும் பொறுத்தவை.

ட்யூனர், அதாவது சுருதி காட்டும் கருவி, அத்தனை குழப்பம் தருவதன்று. அரைச்சுரத்தின் நூற்றில் ஒரு பங்கு சென்ட் எனப்படும்; ±1 சென்ட் துல்லியம் மேடைக்குப் போதும். ±0.1 சென்ட் வரை காட்டும் ஸ்ட்ரோப் வகைக்குக் கூடுதல் விலை கொடுப்பவர், ஃபிரெட்டில் விரலைச் சற்று அழுத்தினாலே சுருதி அதைவிடப் பன்மடங்கு விலகும் என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். பல மல்டி எஃபெக்ட்ஸ்களில் ட்யூனர் உள்ளடங்கியே வருவதால், தனியாக ஒன்று வேண்டுமா என்பதே முதற்கேள்வி.

மின்சாரத்தில்தான் ஆபத்து அதிகம். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்னோட்டத்தில், செருகியின் நடுமுனை எதிர்மின்னாக இருக்க இயங்குபவை. புள்ளியும் அதைச் சூழ்ந்த பிறைவளைவும் கொண்ட சின்னத்தில் புள்ளியிலிருந்து செல்லும் கோடு கழித்தல் குறியில் முடிந்தால் அதற்கு அதுவே பொருள். வீட்டு இணைய ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது, ஆயினும் அதே துளையில் கச்சிதமாகப் பொருந்திவிடும். ட்யூனருக்குச் சில பத்து மில்லி ஆம்பியர் போதும். மல்டி எஃபெக்ட்ஸ் பல நூறு கேட்கும், லைன் 6 நிறுவனத்தின் எச்எக்ஸ் ஸ்டாம்ப்புடன் வரும் அடாப்டரோ 3 ஆம்பியர் தருவது. ட்யூனரையும் மல்டி எஃபெக்ட்ஸையும் ஒரே கிளைக்கம்பியில் இணைத்தால் டிஜிட்டல் கருவியின் இரைச்சல் ஒலிபெருக்கியில் கேட்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு வெளியீடும் தனித்துப் பிரிக்கப்பட்ட மின்வழங்கியே நல்லது. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவியின் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டுமே உரியதாயின், இந்தியாவின் 230 வோல்ட்டில் கருகிப்போகும்.

கையேடு கூறாத அடாப்டரைப் பயன்படுத்தியதால்தான் கருவி கெட்டது என்று விற்றவர் வாதிட இடமுண்டு. ஆகவே உடன்வந்த அடாப்டரையும் பெட்டியையும் உத்தரவாதக் காலம் முழுவதும் வைத்திருப்பது தக்கது. இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, உற்பத்தி நாடு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். அவை இல்லாத பெட்டி மலிவாகக் கிடைப்பதன் காரணம் உத்தரவாதம் கோரும்போதுதான் பலருக்குப் புரிகிறது.

ரசீது தர மறுப்பதும், பழுதான பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிடில் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறைகளாகும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற முத்திரை பழுதான பொருளுக்குக் கேடயமாகாது. வணிக நோக்கில் வாங்குவோரை நுகர்வோர் என்று அச்சட்டம் ஏற்பதில்லை எனினும், சுயதொழிலால் பிழைப்பு நடத்தவே ஒரு பொருளை வாங்கித் தாமே பயன்படுத்துபவருக்கு அது விலக்களிப்பதால், கச்சேரி வாசித்துப் பிழைக்கும் கிதார் கலைஞரும் முறையிடலாம். இணைய வணிகத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அது நடவாதபோது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் உண்டு; வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை.

தனியாளிடம் பழைய கருவி வாங்குவோருக்குக் கடைரசீது தரும் இந்தப் பிடிமானம் இராது. அவர் தம் கிதாரையும் உரிய அடாப்டரையும் எடுத்துச் சென்று, பணம் கொடுக்கும் முன்பே ஒவ்வொரு கால்விசையையும் மிதித்து, ஒவ்வொரு குமிழையும் திருகிக் கேட்டுவிட வேண்டும்.