கணினியும் உறங்கட்டும்

பள்ளிப் பாடத்தை முடித்துவிட்டு மகன் உறங்கப் போய்விடுகிறான். அவன் திறந்து வைத்த கணினியோ விடியும்வரை விழித்திருக்கிறது. மாத இறுதியில் மின்சாரக் கட்டணத்தைப் பார்த்து அப்பா ஏசுகிறார். இது பல இல்லங்களில் நடப்பதுதான்.

கணினியும் திரையும் சேர்ந்து 100 வாட் இழுத்தால், 10 மணி நேரத்தில் 1 யூனிட் செலவாகும். இரவுதோறும் அப்படியே விட்டால் 30 நாளில் 30 யூனிட்.

திரையில் மீன் நீந்தும் 'ஸ்கிரீன் சேவர்' மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது தவறான எண்ணம். அப்போதும் திரை எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய குழாய்த் திரைகளில் படம் நிலையாகப் பதிந்துவிடாமல் இருக்கவே அது வந்தது.

விண்டோஸ் 11 கணினியில் 'ஸ்டார்ட்', 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்' என்று சென்று, 'பவர்' எனத் தொடங்கும் பகுதியைத் திறக்க வேண்டும். 5 நிமிடத்தில் திரை அணையவும், 15 நிமிடத்தில் கணினி 'ஸ்லீப்' நிலைக்குப் போகவும் அங்கே அமைக்கலாம். ஒரு விசையைத் தட்டினால் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. 'ஸ்லீப்' நிலையில் வேலை நினைவகத்தில் நிற்கிறது. அதற்குச் சிறிதளவு மின்சாரம் வேண்டும். இடையில் சுவர் சுவிட்சை அடைத்தால், சேமிக்காத பாடம் போய்விடக்கூடும். ஆகவே முதலில் 'சேவ்', பிறகு ஓய்வு. இரவில் 'ஷட் டவுன்' முடிந்த பின்னரே சுவிட்சை அடைக்க வேண்டும்.

மகனை ஏசுவதைவிட, அவன் பக்கத்தில் அமர்ந்து இதைச் சேர்ந்து செய்துவிடலாம். ஐந்து நிமிட வேலைதான்.