அடிக்கடி என்றால் எத்தனை முறை? நர்சிங் ஆய்வும் உத்திரமேரூர் கல்வெட்டும்

எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறவங்க ஆய்வேடு எழுதித்தான் ஆகணும். பலருக்கும் அதில் பயம் இங்கிலீஷ் மேலதான். ஆனால் சிக்கல் பெரும்பாலும் மொழியில் இல்லை, அளவைச் சொல்லாமல் விடுவதில் இருக்கிறது.

ஒரு வாக்கியத்தைப் பாருங்க: ‘நோயாளிகளை அடிக்கடி புரட்டிப் படுக்கவைத்ததால் படுக்கைப்புண் குறைந்தது.’ இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் இன்னொரு ஊர் நர்ஸ் என்ன செய்வார்? அடிக்கடி என்றால் 2 மணி நேரத்துக்கு ஒரு முறையா, 4 மணி நேரத்துக்கா? எந்த மாதிரி நோயாளிகள்? எத்தனை பேர்? எதோடு ஒப்பிட்டால் குறைவு? இதெல்லாம் இல்லையென்றால் அந்த நர்ஸின் அனுபவம் அந்த வார்டைத் தாண்டாது. பலன் கிடைக்க வேண்டிய நோயாளிக்கும் அது போய்ச் சேராது.

ஆய்வில் யாரைச் சேர்த்தோம், யாரை விலக்கினோம் என்று முதலில் சொல்ல வேண்டும். அதற்கு எங்க ஊரிலேயே நல்ல மாதிரி இருக்கு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலைத் தேர்தல் விதிகளை வெட்டி வைத்திருக்கிறார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு உள்ளவர் தகுதியானவர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. கி.பி. 919இல் வயது வரம்பு 30 முதல் 60. கி.பி. 921இல் அதைத் திருத்தி 35 முதல் 70 ஆக்கினார்கள். விதிகள் நியாயமா என்பது வேறு விவாதம். எழுதிய விதத்தைக் கவனிங்க: ‘பெரியவர்’, ‘நல்லவர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை.

நர்சிங் துறையிலும் முன்னோடி இருக்கிறார். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல், கிரிமியப் போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களை மாதவாரியாக, காரணவாரியாகப் பிரித்து வரைபடமாக்கினார். காயத்தைவிடத் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களே அதிகம் என்பது பார்த்தவுடன் புரிந்தது.

இந்தப் பழக்கம் நர்ஸ்களுக்குப் புதுசு இல்லை. கேஸ் ஷீட்டில் ‘பி.பி. கொஞ்சம் அதிகம்’ என்று எழுதுவாங்களா? ‘காலை 10 மணி, 150/90’ என்றுதான் எழுதுவாங்க. ஆய்வேட்டிலும் அதையே செய்தால் போதும். செய்முறைப் பகுதியை வேறு வார்டு நர்ஸிடம் கொடுத்து, ‘இதை வைத்து நீங்களே செய்ய முடியுமா?’ என்று கேளுங்க. அவர் திருப்பிக் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் அந்தப் பக்கத்தில் ஏற வேண்டும்.