டிராக்டரை மாற்றுவதா, விற்பதா?



கேமரன் மலையின் தேயிலைத் தொழில் நூறாண்டை நெருங்குகிறது. போ நிறுவனத்தை ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கியது 1929இல். பாரத் தோட்டம் தொடங்கியது 1933இல். கொழுந்துக் கூடை சுமந்தவர்களின் பிள்ளைகளில் சிலர் இன்று காய்கறி பயிரிடுகிறார்கள். சிலர் வண்டி வைத்துப் பாரம் ஏற்றுகிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் தவணைக்கு எடுத்த ஒரு டிராக்டர் நின்றால், அது அந்தக் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு. வாங்கி ஓராண்டு ஆகும் முன்பே, "இது நமக்கு ஒத்துவரவில்லை" என்ற பேச்சு எழுந்தால் என்ன செய்வது? கடைக்காரரிடம் கொடுத்து வேறொன்றாக மாற்றிக்கொள்வதா, வெளியில் விற்பதா? இதை இன்று நாம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், குறை டிராக்டரில் இருக்கிறதா, நிலத்தில் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். தேயிலைச் சரிவுகளில் டிராக்டர் ஏறாது. அங்கே கொழுந்து வெட்டுவதற்குக் கையில் பிடிக்கும் இயந்திரமும் கத்தரியும்தான். டிராக்டருக்கு உரிய இடம் பாதையும் சமநிலமும். சரிவில் வண்டி ஆடுகிறது என்பதற்காகப் பெரிய டிராக்டர் வாங்கினால் சரிவு குறைந்துவிடாது, கடன்தான் கூடும். முன்பக்கம் எடைக்கட்டி சேர்ப்பது, பின்சக்கரங்களின் இடைவெளியை அகட்டுவது, பொருத்தமான கலப்பையை மாட்டுவது போன்ற சிறு திருத்தங்களால் குறை தீருமா என்று ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். தீருமானால் விற்கும் பேச்சே வேண்டாம்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அடுத்தது கடன் கணக்கு. ஓர் உதாரணம் சொல்கிறோம். டிராக்டரின் விலை 50,000 வெள்ளி, முன்பணம் 5,000, கடன் 45,000. ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று ஐந்து ஆண்டுக்கு வட்டி போட்டால் 9,000. ஆக மொத்தம் 54,000. மாதம் 900 வெள்ளி. ஓராண்டில் 10,800 வெள்ளி கட்டிவிட்டோம். அப்படியானால் கடன் 34,200ஆகக் குறைந்திருக்கும் என்று நாம் நினைப்போம். ஆனால் தவணை ஒப்பந்தங்களில் நெடுங்காலம் கையாளப்பட்ட 78 விதியின்படி, வட்டியின் பெரும்பகுதி தொடக்க மாதங்களிலேயே கழிக்கப்படும். அந்த விதிப்படி இன்று கடனை அடைக்கச் சுமார் 37,416 வெள்ளி வேண்டும். கட்டிய பணத்தில் 3,216 வெள்ளி வட்டிக்கே போய்விட்டது. ஆகையால் மனக்கணக்கை நம்பாமல், "இன்று முழுவதும் அடைத்தால் எவ்வளவு?" என்று கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனிக் கடைக்காரரிடம் போவோம். புது டிராக்டர் 62,000 வெள்ளி என்றும், உங்கள் பழையதற்கு 38,000 தருவதாகவும் அவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்க இனிமையாக இருக்கும். மேலே கொடுக்க வேண்டியது 24,000. அப்போது வேறொரு கேள்வி கேளுங்கள்: "பழையதைக் கொடுக்காமல் ரொக்கமாக வாங்கினால் புதியது என்ன விலை?" 58,000 என்று பதில் வந்தால், உங்கள் டிராக்டருக்கு அவர் உண்மையில் தருவது 58,000இல் 24,000 கழித்து 34,000 வெள்ளிதான். அடைக்க வேண்டிய கடனோ 37,416. குறையும் 3,416 வெள்ளி புதுக் கடனின் தலையில் ஏறும். அதற்கும் வட்டி ஓடும்.

வெளியில் ஒருவர் 39,000 வெள்ளிக்குக் கேட்டால், கடன் அடைத்துக் கையில் 1,584 வெள்ளி நிற்கும். இரண்டு வழிக்கும் வித்தியாசம் 5,000 வெள்ளி. ஆனால் வெளியில் விற்க நாள் பிடிக்கும். தாப்பா வரை இறக்கிக் காட்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் அலைச்சலையும் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் ஆயிரம் வெள்ளிக்குள் சுருங்கினால் கடைக்காரரிடம் மாற்றிக்கொள்வதே மேல்.

வாங்க வருபவர் முதலில் பார்ப்பது மணிக்கணக்குக் காட்டும் மீட்டரை. டிராக்டரின் வயதை ஓடிய மணியால் அளப்பதுதான் வழக்கம். எண்ணெய் மாற்றிய ரசீதுகள், கிளட்ச், பிரேக், துருப்பிடித்த இடங்கள் இவற்றையும் பார்ப்பார். மழை அதிகமான நமது மலையில் வண்டியைக் கூரையின்கீழ் நிறுத்தியவருக்கு விலையும் கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "வண்டியை என்னிடம் கொடுங்கள், மீதித் தவணையை நான் கட்டிக்கொள்கிறேன்" என்று சிலர் வருவார்கள். 'சம்புங் பாயார்' என்று மலாயில் சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு ஒருபோதும் இணங்காதீர்கள். அவர் கட்டாவிட்டால் கடன் உங்கள் பெயரில். ஜாமீன் போட்ட மைத்துனரும் மாட்டிக்கொள்வார். சாலையில் விபத்து நடந்தாலும் உங்களைத்தான் தேடி வருவார்கள். கடைசித் தவணை கட்டும்வரை வண்டி கடன் கொடுத்தவருடையது. அவர் சம்மதமின்றி விற்க முடியாது. 1967ஆம் ஆண்டுத் தவணைக் கொள்முதல் சட்டத்தின் பட்டியலில் மோட்டார் சைக்கிள், கார், சிறு சரக்கு வண்டி ஆகியவை உண்டு. டிராக்டர் என்ற பெயர் அதில் இல்லை. ஆகவே டிராக்டர் வாங்கியவருக்கு ஒப்பந்தத் தாளில் எழுதியிருப்பதே முக்கியம். ஆங்கிலமோ மலாயோ தெரிந்த பிள்ளையை உட்காரவைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். சாலையில் ஓடப் பதிவான வண்டியானால், பணம் கைக்கு வந்த அன்றே ஜே.பி.ஜே.யில் பெயர் மாற்றிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. கேமரன் மலையில் காய்கறி நிலங்கள் பல, நெடுங்காலம் தற்காலிக அனுமதியில் பயிரிடப்பட்டவை. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி அந்த அனுமதி ஆண்டு முடிவோடு முடிந்துவிடும். மறுபடி புதுப்பிக்க வேண்டும். நிலம் ஓராண்டுக்கு, கடன் ஐந்தாண்டுக்கு என்றால், பெரிய டிராக்டருக்கு மாறுவதைப் பலமுறை யோசிக்க வேண்டும். அடுத்த ஆண்டு உழ நிலம் இருக்குமா என்ற கேள்விக்கு விடை தெரியாதவர், விற்றுக் கடனை அடைத்துவிட்டு, வேண்டிய நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள்வதே பத்திரம்.

ஆகவே ஒரு தாளில் நான்கு தொகைகளை எழுதுங்கள்: இன்று அடைக்க வேண்டிய கடன், கடைக்காரர் உண்மையில் தரும் விலை, வெளியில் கிடைக்கும் விலை, விற்பதற்கு ஆகும் செலவு. வீட்டில் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அதைப் பாருங்கள். எவர் அதிக விலை சொன்னார் என்பதை விட்டுவிட்டு, கடைசியில் கையில் என்ன நிற்கும் என்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.