மின் பொறியியல் பட்டம்: செலவும் வரவும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில் பெற்றோர் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சுவாமி, பிள்ளையை எஞ்சினியருக்குப் படிப்பிக்க ஆசை. காணியை ஈடு வைக்கலாமோ?" பலமுறை இடம்பெயர்ந்து, மாட்டையும் விதைநெல்லையும் இழந்த குடும்பத்திற்கு எஞ்சியிருப்பது அந்தக் காணி உறுதி ஒன்றுதான். ஆகவே கணக்குப் பாராமல் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது முறையன்று. கோபுரம் கட்டத் தொடங்கி அரைவாசியில் நின்றவனைப் பற்றி நற்செய்தியில் வரும் உவமையை நாம் அறிவோம்.

முதலில் செலவு. அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. பேராதனை, மொறட்டுவை, உறுகுணை, தென்கிழக்கு முதலிய பல்கலைக்கழகங்களில் பொறியியல் பீடங்கள் உள்ளன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றது. படிப்பு நான்கு ஆண்டுகள். தொடக்கத்தில் எல்லோரும் பொதுவாகப் படிப்பர். மின் பொறியியல் கிடைப்பது அதன்பின் பெறும் புள்ளிகளைப் பொறுத்தது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகியவை கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் அடங்குவதால், எமது பிள்ளைகளுக்கு அந்த ஒதுக்கீடும் உண்டு.

கட்டணம் இல்லை என்பதனால் செலவே இல்லை என்றாகாது. நெற்செய்கைக் கணக்கில் உழவு கூலியையும் பசளையையும் எழுதும் நாம், எமது சொந்த உழைப்பை எழுத மறந்துவிடுவோம். படிப்பிலும் அவ்வாறே. நான்கு ஆண்டுகள் பிள்ளை உழைத்திருந்தால் வந்திருக்கும் பணமும் செலவே. மறுபுறம், பிள்ளை வீட்டில் இருந்தாலும் சாப்பாடு வேண்டும். ஆகவே வெளியிடத்தில் தங்குவதால் கூடும் தொகையை மட்டும் எழுத வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இத்தொகைகள் கணக்கை விளக்குவதற்கு நாம் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் நிலைக்கேற்ப மாற்றி எழுதுங்கள்.

கூடுதற் செலவு மாதம் 20,000 ரூபா. மகாபொல உதவிப்பணம் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது கிடைத்தால் வீட்டிலிருந்து அனுப்ப வேண்டியது 12,500. ஆண்டுக்குப் பத்து மாதமாக நான்கு ஆண்டுக்கு 5 இலட்சம். மடிக்கணினிக்கு 2 இலட்சம். பிள்ளை மின்னிணைப்பாளராக மாதம் 40,000 உழைத்திருப்பான் என்றால், இழந்த வருமானம் 48 மாதத்திற்கு 19 இலட்சத்து 20 ஆயிரம். மொத்தம் 26 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா.

இனி வரவு. பொறியியலாளரின் முழுச் சம்பளத்தையும் வரவாக எழுதக்கூடாது. பட்டம் இல்லாமலும் பிள்ளை ஏதோ உழைத்திருப்பான். அந்த வித்தியாசமே பட்டத்தின் வரவு. வித்தியாசம் மாதம் 60,000 என்றால், ஏறத்தாழ 44 மாதங்களில் போட்டது திரும்பிவிடும். அதன்பின் வருவது மிச்சம். இக்கணக்கில் கையிலிருந்து போவது 7 இலட்சம் மட்டுமே. இதற்காகக் காணியை ஈடு வைக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

தனியார் நிறுவனத்தில் பணம் கட்டிப் படிப்பதானால் கதை வேறு. 25 இலட்சத்தை நூற்றுக்கு 15 வட்டிக்குக் கடன் எடுத்தால் மாத வட்டி 31,250 ரூபா. படிக்கும் நான்கு ஆண்டுகளில் வட்டி மட்டும் 15 இலட்சம். வேலை கிடைத்த பின்னரும் கூடுதல் வருமானத்தில் பாதிக்கு மேல் வட்டிக்கே போகும். வேலை ஓர் ஆண்டு பிந்தினால் காணி போய்விடும். அத்துடன், அப்பட்டம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினாலும் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தினாலும் ஏற்கப்பட்டதா என்று எழுத்தில் கேட்டறிய வேண்டும். ஏற்கப்படாத பட்டத்துக்குக் கட்டும் பணம் உப்பு வயலில் விதைத்த நெல்லுக்குச் சமம்.

இடம் கிடைக்காத பிள்ளைக்கு வேறு பாதையும் உண்டு. தொழிற்பயிற்சியில் தேசிய தொழிற்றகைமை நான்காம் மட்டத்தை முடித்தவன் மின்வேலை செய்து உழைக்கலாம். ஐந்தாம், ஆறாம் மட்டங்கள் டிப்ளோமாவுக்கும், ஏழாம் மட்டம் பட்டத்துக்கும் உரியவை. திறந்த பல்கலைக்கழகத்தில் கட்டணம் உண்டு. ஆயினும் வேலை செய்துகொண்டே பொறியியல் படிக்கலாம். காலம் கூடும். ஆனால் இழந்த வருமானம் என்ற பெருஞ்செலவு இக்கணக்கில் இல்லை.

பெண் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான். சீதனத்திற்கென்று சேர்ப்பதில் ஒரு பகுதி அவளுடைய படிப்புக்குப் போனால் அது வீணாகாது.

இடம்பெயர்ந்தபோது காணியைத் தூக்கி வர எம்மால் முடியவில்லை. கற்ற தொழில் மட்டும் எம்முடன் வந்தது. ஆகவே படிப்பிக்க வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் ஒரே காணியை ஈடு வைத்து ஒரு பிள்ளையைப் படிப்பித்து, மற்றப் பிள்ளைகளை நிலமற்றவராக்குவது நியாயமாகாது. ஒரு மாலை குடும்பமாக அமர்ந்து, கொப்பியில் ஒரு பக்கம் செலவையும் மறுபக்கம் வரவையும் எழுதுங்கள். பிள்ளையையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடனின் பாரத்தை நாளை சுமக்கப் போவது அவர்தானே.