ஹிருதயமும் படகும்

மாமல்லபுரத்துக் கடற்கரையில் படகு தள்ளுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரு பக்கத்தாரும் ஒருமிக்கத் தள்ளினால் படகு அலையில் ஏறும். ஒரு பக்கத்தார் பிந்திவிட்டாலோ, எத்தனை பலம் இருந்தென்ன? படகு திரும்பிக்கொண்டு மணலிலேயே நிற்கும்.

பலஹீனமடைந்த ஹிருதயங்கள் சிலவற்றில் இதுவே நிகழ்கிறது. மின் துடிப்பு தாமதமாகச் சென்று சேர்வதால் இடது கீழறையின் வெளிச்சுவர் பிந்திச் சுருங்குகிறது. ரத்தம் போதிய வேகத்துடன் வெளியேறுவதில்லை. மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது.

1958-ல் ஸ்வீடனில் முதன்முதலாக உடலுக்குள் பொருத்திய பேஸ்மேக்கர், மெதுவாகத் துடித்த ஹிருதயத்துக்காக வந்தது. யந்திரம் சில மணி நேரமே உழைத்தது. அதைப் பெற்ற ஆர்னே லார்ஸனோ, யந்திரங்களை மாற்றி மாற்றி 2001 வரை வாழ்ந்தார்! நாம் இங்கே சொல்லும் யந்திரம் வேறு வகை. அதன் ஒரு கம்பி வலது கீழறைக்கும், மற்றொன்று ஹிருதயத்தின் சிரை வழியே இடது கீழறைக்கும் சென்று, இரண்டையும் ஒருமிக்கச் சுருங்க வைக்கின்றன. எல்லோருக்கும் இது ஏற்றதல்ல. பொருத்திக்கொண்டவர்களிலும் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் குணம் தெரிவதில்லை. மருந்தையும் விடக் கூடாது.

யாருக்கு ஏற்றது என்பதற்கு முதல் தடயம் இ.சி.ஜி. காகிதத்தில் அகன்று விழும் கோடு. ஆனால் திருக்கழுக்குன்றத்து மலைப்படியில் மூச்சு வாங்கினால், "வயதாகிவிட்டது" என்று உட்கார்ந்துவிடுகிறோம். வீட்டுப் பெண்களோ கால் வீக்கத்தைப் புடவைக்குள் மறைத்துக்கொள்கிறார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில்தான் செங்கற்பட்டு. 1965 முதல் அங்கே அரசாங்க வைத்தியக் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. இ.சி.ஜி. எடுக்கச் சில நிமிஷமே ஆகும்.