குளிர்கால விடுமுறையில் கலை அருங்காட்சியகம்: குழந்தைகளுக்கான வொர்க்‌ஷாப்பில் பணம் கட்டும் முன் என்ன கேட்க வேண்டும்?

டிசம்பர் மூன்றாவது வாரம் வந்தால் போதும், பெற்றோர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் போஸ்டர்கள் வந்து விழ ஆரம்பித்துவிடும். மினியேச்சர் ஓவியப் பட்டறை, களிமண் பொம்மை, பொம்மலாட்டம், கதை நேரம், மியூசியத்துக்குள் புதையல் வேட்டை. வயது 6 முதல் 12 வரை, இடங்கள் குறைவு, உடனே பதிவு செய்யுங்கள்.

இந்தியாவின் பெரிய நகரங்களில் உள்ள கலை அருங்காட்சியகங்களுக்கு இது முக்கியமான பருவம். மும்பை, பெங்களூரு, கொல்கத்தாவில் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விடுமுறை. டெல்லியில் ஜனவரி முதல் பாதியில் பள்ளிகளை மூடுவார்கள். தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பல குடும்பங்கள் ரயில் ஏறுவதும் இந்த நாட்களில்தான். மே மாத டெல்லி வெயிலில் குழந்தையை வெளியே கூட்டிக்கொண்டு போக யாருக்கும் மனசு வராது. குளிர்காலத்தில் அந்தத் தொல்லை இல்லை. காற்று மாசு அதிகமான நாட்களில் பூங்காவை விட நாலு சுவருக்குள் இருக்கும் மியூசியமே மேல்.

சரி, அந்த வொர்க்‌ஷாப்பில் சேர்க்கலாமா, வேண்டாமா?

முதலில் ஒரே ஒரு கேள்வி

நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் இதைக் கேளுங்கள்: "குழந்தைங்க கேலரிக்குள்ள போவாங்களா? எந்தப் பொருள் முன்னாடி, எவ்வளவு நேரம் உட்காருவாங்க?"

இதற்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் யோசியுங்கள். பல நிகழ்ச்சிகள் மியூசியத்தின் பெயரில், மியூசியத்தின் ஏதோ ஓர் அறையில் நடக்கும் கைவினை வகுப்புகள்தான். குழந்தை இரண்டு மணி நேரம் பேப்பர் வெட்டும், பசை ஒட்டும், மினுமினுப்புத் தூள் தூவும். வீட்டுக்கு ஒரு முகமூடி வரும். ஆனால் பக்கத்து அறையில் இருந்த ஆயிரம் வருடத்துச் சிலையை அது பார்த்தே இருக்காது. முகமூடி செய்வது தவறில்லை, அதை வீட்டிலேயே செய்யலாமே! நீங்கள் வண்டி பிடித்து அவ்வளவு தூரம் போவது, வேறெங்கும் பார்க்க முடியாத அசல் பொருளுக்காக.

நல்ல நிகழ்ச்சியில் வரிசை வேறு மாதிரி இருக்கும். முதலில் ஒரு பொருளின் முன் அரை மணி நேரம். பிறகு பேச்சு. அதற்குப் பிறகுதான் கைவேலை, அதுவும் பார்த்த பொருளோடு தொடர்புடையதாக.

நாலு அங்குலத்தில் ஒரு பெண்

உதாரணத்துக்கு டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் 'நடன மங்கை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1926-இல் மொகஞ்சதாரோவில் கிடைத்த வெண்கலச் சிலை, வயது சுமார் 4,500 ஆண்டுகள். பாடப்புத்தகத்தில் அரைப்பக்கத்துக்குப் பார்த்துப் பழகிய குழந்தை, ஆள் உயரச் சிலையை எதிர்பார்த்துத்தான் போகும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதோ சுமார் பத்தரை சென்டிமீட்டர். "இவ்ளோதானா?" என்று கேட்கும்.

அந்த "இவ்ளோதானா"வை விட்டுவிடாதீர்கள், கவனிப்பு தொடங்குவதே அங்குதான். இவ்வளவு சின்ன உருவத்தில் இடுப்பில் கை வைத்த அந்தத் தெனாவட்டு எப்படி வந்தது? இடது கையில் மேலே வரைக்கும் வளையல், வலது கையில் நாலே நாலு, ஏன்? உண்மையில் அவள் நடனக்காரிதானா? அந்தப் பெயர் நம் காலத்தில் வைத்தது. நிற்கும் தோரணையைப் பார்த்து வைத்தது. உங்கள் குழந்தை "இவ சண்டைக்கு நிக்கிறா" என்று சொன்னால் அதைத் தப்பு என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் கிடையாது.

இதற்குப் பிறகு மெழுகையோ களிமண்ணையோ கையில் கொடுத்தால் அர்த்தம் இருக்கிறது. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் முறையில் வார்த்த சிலை அது. அதே முறைதான் இன்றைக்கும் சுவாமிமலைச் சிற்பக் கூடங்களில் நடக்கிறது. தேசிய அருங்காட்சியகத்தின் சோழர் வெண்கலங்களும் இப்படி வார்த்தவைதான். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் டெல்லிக்குப் போய் அவற்றின் முன் நின்றால், ஊர்க்காரரைப் பார்த்த மாதிரிதான் இருக்கும்.

எந்த ஊரில் எதைப் பார்ப்பது?

எல்லா ஊரையும் இங்கே எழுதப் போவதில்லை. குழந்தைகளோடு போனால் வீண் போகாத சில இடங்கள் மட்டும்.

ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் மணிக்கு மணி ஒரு கூட்டம் கூடும். அங்கே ஒரு பழைய கடிகாரத்துக்குள்ளிருந்து சின்ன பொம்மை மனிதர் வெளியே வந்து மணி அடித்துவிட்டு உள்ளே போவார். அதைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலானவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் நடந்து 'முக்காடிட்ட ரெபெக்கா'விடம் போங்கள். இத்தாலியச் சிற்பி பென்சோனி செதுக்கிய பளிங்குச் சிலை. முகத்தின் மேல் மெல்லிய துணி போர்த்தியிருப்பதுபோல் தெரியும், துணியும் கல்தான். கல் எப்படித் துணி ஆனது என்று கேட்டால், அன்றிரவு விடுதியிலேயே ஒரு சோதனை செய்யலாம்: ஒரு கைக்குட்டையை நனைத்து ஆரஞ்சுப் பழத்தின் மேல் போடுங்கள். எங்கே ஒட்டுகிறது, எங்கே மடிகிறது, எங்கே நிழல் விழுகிறது என்று வரையச் சொல்லுங்கள். செலவு, ஒரு ஆரஞ்சு.

கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம் 1814-இல் தொடங்கியது. ஊர் மக்களுக்கு அது 'ஜாதுகர்', அதாவது மாய வீடு. குளிர்காலத்தில் மிருகக்காட்சி சாலை, விக்டோரியா நினைவகம், ஜாதுகர் என்று ஒரே நாளில் சுற்றும் குடும்பங்கள் அங்கே ஏராளம். எல்லோரும் எகிப்திய மம்மியைத் தேடி ஓடுவார்கள். அந்த நெரிசலை விட்டுவிட்டு பார்ஹுத் கூடத்துக்குப் போங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் பழைய பௌத்த ஸ்தூபியின் கல் வேலி அது. தன் கூட்டம் தப்பிக்கத் தன் உடம்பையே பாலமாக்கிய குரங்கு ராஜா, ஆற்றில் மூழ்கியவனைக் காப்பாற்றிய மான் என்று ஜாதகக் கதைகள் வட்ட வட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஒரே வட்டத்துக்குள் கதையின் தொடக்கமும் முடிவும் சேர்ந்தே இருக்கும், மான் இரண்டு மூன்று தடவை வரும். காமிக்ஸ் படிக்கும் குழந்தை நம்மை விட வேகமாக அதைப் பிடித்துக்கொள்ளும்.

மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வஸ்து சங்கிரஹாலயா குழந்தைகளுக்கென்றே 2019-இல் தனி அருங்காட்சியகம் திறந்தது. பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் 2023-இல் திறந்த கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகத்தில் தொட்டுணரும் வடிவிலும் சில படைப்புகளை வைத்திருக்கிறார்கள். பார்வைக் குறைபாடுள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது பெரிய விஷயம். கோவை, திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கொச்சி கிட்டத்தில்தான். 2012-இல் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் பினாலே நடக்கும் வருடங்களில் டிசம்பரில் தொடங்கிப் பல வாரங்கள் நீடிக்கும். குழந்தைகளுக்குத் தனிப் பிரிவும் உண்டு.

மொழி தெரியாதே, என்ன செய்வது?

டெல்லியில் இந்தியும் ஆங்கிலமும்தான். இதைப் போஸ்டரில் பெரும்பாலும் போடமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். கதை சொல்லும் நிகழ்ச்சி என்றால் மொழி புரியாத குழந்தை பத்து நிமிடத்தில் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடும். வரைதல், களிமண், அச்சு எடுத்தல் போன்றவற்றில் அந்தச் சிக்கல் குறைவு, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த நிகழ்ச்சிகளின் அறிவிப்பு இன்ஸ்டாகிராமில் ஆங்கிலத்தில் வருகிறது, பதிவு இணையத்தில் நடக்கிறது, ஒரு தொகுதிக்கு இருபது முப்பது பேர் சேர்ந்ததும் கதவு மூடிவிடுகிறது. தகவல் யார் கைக்கு முதலில் போகிறதோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இடம். இலவச நிகழ்ச்சியாக இருந்தாலும் இதே கதைதான். மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளைத் தனியாக அழைத்து வருகிற, வண்டியில் காட்சிப் பொருட்களை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கே போகிற மியூசியங்களும் இருக்கின்றன. மும்பை அருங்காட்சியகத்தின் நடமாடும் பேருந்து அப்படி ஒன்று. ஆனால் விடுமுறை நாளில் பள்ளியே மூடியிருக்கும்போது அந்தக் குழந்தைகளை யார் கூட்டி வருவது என்பதற்கு இன்னும் சரியான ஏற்பாடு இல்லை.

இடம் கிடைக்கவில்லையா? நீங்களே நடத்தலாம்

அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றில் பள்ளி மாணவர்களுக்கு நுழைவு இலவசம் அல்லது பெயருக்கு ஒரு கட்டணம். அடையாள அட்டையை மட்டும் எடுத்துப் போங்கள். கூடவே ஒரு நோட்டு, இரண்டு பென்சில்.

மொத்த மியூசியத்தையும் பார்க்க முயலாதீர்கள். மூன்றே பொருள் போதும், அதையும் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொன்றின் முன்னும் உட்கார்ந்து, என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பதில் வந்ததும், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய் என்று கேளுங்கள். பிறகு, இன்னும் என்ன தெரிகிறது என்று. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் இருந்த பிலிப் யெனவைன், உளவியலாளர் அபிகேல் ஹவுசனோடு சேர்ந்து உருவாக்கிய முறையின் சாரம் இதுதான். பெயர்ப் பலகையை முதலில் படிக்க வேண்டாம், படித்துவிட்டால் கண் வேலையை நிறுத்திவிடும். உங்களுக்குக் கலை வரலாறு தெரியாது என்பது இங்கே ஒரு குறையே இல்லை. தெரிந்த அப்பாக்கள்தான் சொற்பொழிவு ஆற்றி ஆட்டத்தைக் கெடுப்பார்கள்.

ஒன்றரை மணி நேரம் தாண்டினால் "கால் வலிக்குதும்மா" தொடங்கிவிடும். அதற்கு முன்பே கிளம்பி கேன்டீனுக்குப் போய்விடுங்கள்.

"தொடாதே"வுக்குக் காரணம் சொல்லுங்கள்

மியூசியத்தில் காவலர் சொல்லும் தடைகளுக்கெல்லாம் காரணம் உண்டு. விரலில் உள்ள வியர்வை உப்பும் எண்ணெயும் வெண்கலத்தில் படிந்து மெதுவாக அரிக்கும். பேனாவுக்கும் பெயின்ட்டுக்கும் தடை போட்டுப் பென்சிலை மட்டும் அனுமதிப்பது, மை தெறித்தால் எடுக்க முடியாது என்பதால்தான். மினியேச்சர் ஓவிய அறை ஏன் மங்கலாக இருக்கிறது என்று குழந்தை நிச்சயம் கேட்கும். காகிதமும் இயற்கைச் சாயமும் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், வெளுத்தது திரும்பி வராது. அதனால் இப்படிப்பட்ட ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் பொதுவான வரம்பு. உள்ளே போனதும் இரண்டு நிமிடம் பேசாமல் நின்றால் கண் பழகி, இலை இலையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

கிளம்பும் முன் மூன்று விஷயங்களைப் போன் செய்து உறுதி செய்யுங்கள். நீங்கள் பார்க்க நினைக்கும் கூடம் திறந்திருக்கிறதா? சீரமைப்புக்காக ஏதாவது ஒரு கூடத்தை மூடி வைத்திருப்பது வழக்கம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், லிஃப்ட் உண்டா? பழைய கட்டடங்கள் பலவற்றில் இது சிக்கல். வார விடுமுறை என்றைக்கு? டெல்லி தேசிய அருங்காட்சியகமும் ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடமும் திங்கட்கிழமை திறக்காது. சாலார் ஜங்குக்கும் சென்னை எழும்பூர் மியூசியத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை.