பனைமரப் பீரங்கி

நாகர்கோவிலிலிருந்து வடக்கே மலையை நோக்கிச் சென்றால் கீரிப்பாறை வருகிறது. ரப்பர் தோட்டங்களும் காடும் சூழ்ந்த அவ்வூரில் கடலின் இரைச்சல் கேளாது. ஆயினும், மலையிறங்கி மேற்குக் கரைக்கு வந்தால், போரில் பெயர் பெற்ற குளச்சலைக் காணலாம். 1741-ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மரின் படை டச்சுக்காரர்களை முறியடித்த இடம் அது. அப்போது மீனவர்கள் பனைமரங்களை வெட்டி மாட்டு வண்டிகளில் ஏற்றிப் பீரங்கிகள்போல் நிறுத்தினார்கள் என்றும், துடுப்புகளைத் துப்பாக்கிகள்போல் தோளில் சார்த்தி அணிவகுத்தார்கள் என்றும் கர்ணபரம்பரையாக ஒரு கதை வழங்குகிறது. கதை கதையாகவே இருக்கட்டும். அதிலுள்ள உபாயம் மெய்யானது. இல்லாததை இருப்பதாகக் காட்டிப் பகைவனின் கண்ணை மயக்குவதே அவ்வுபாயம். இன்று நமது யுத்தக் கப்பல்களைக் காப்பதும் அதுதான்!

கப்பலைத் தாக்கும் ஏவுகணை, அலைகளுக்கு மேல் சில மீட்டர் உயரத்திலேயே பறந்து வருகிறது. பூமியின் வளைவு அதை மறைத்துவிடுவதால், ராடாரில் தென்படும்போது சுமார் 25 கிலோமீட்டர் தூரத்துக்கு வந்திருக்கும். ஒலியின் வேகத்தை ஒட்டிப் பறக்கும் ஏவுகணைக்கு அத்தூரத்தைக் கடக்க ஒன்றரை நிமிஷங்கூட வேண்டாம். கப்பலில் உள்ள நூற்றுக்கணக்கான மாலுமிகளின் உயிர் அந்தச் சொற்ப நேரத்தில் ஊசலாடுகிறது.

1967-இல் எகிப்தியப் படகுகளின் ஏவுகணைகள் ‘எய்லத்’ என்ற இஸ்ரேலியக் கப்பலை மூழ்கடித்தன. 47 பேர் மாண்டனர். 1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு, நமது ‘நிர்காத்’ என்னும் சிறு படகு அதே வகை ஏவுகணைகளால் கராச்சிக்கு அப்பால் ‘கைபர்’ என்ற பாகிஸ்தான் கப்பலை வீழ்த்தியது. நாம் பிறருக்குச் செய்ததைப் பிறர் நமக்குச் செய்ய எவ்வளவு நேரமாகும்?

பரிகாரம் 1973-இல் புலப்பட்டது. லடாக்கியா துறைமுகத்துக்கு அப்பால் சிரியப் படகுகள் எய்த ஏவுகணைகளில் ஒன்றுகூட இஸ்ரேலியப் படகுகள்மீது விழவில்லை. மின்னலைகளைக் குழப்பும் கருவிகளும், ஆகாயத்தில் தூவிய உலோக இழைகளும் அவற்றைத் திசை திருப்பிவிட்டன.

இந்த இழைகளின் சூட்சுமம் எளியது. ஏவுகணையின் மூக்கில் சிறு ராடார் இருக்கிறது. எங்கே எதிரொலி பலமாக இருக்கிறதோ அங்கே அது பாயும். கப்பலிலிருந்து கிளம்பும் ராக்கெட், அலுமினியம் பூசிய கண்ணாடி இழைகளை லட்சக்கணக்கில் காற்றில் இறைக்கிறது. ஒவ்வோர் இழையும் எதிரி ராடாரின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி. அந்த மேகம் ஏவுகணைக்குப் பெரிய கப்பலாகத் தோன்றுகிறது. உண்மைக் கப்பலோ திரும்பி விலகிவிடுகிறது.

இவ்வகை ராக்கெட்டுகளை ஜோத்பூரிலுள்ள நமது பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடம் குறுகிய, நடுத்தர, நெடுந்தூரம் என்று மூன்று விதமாக உருவாக்கியிருப்பதாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. கடற்படை அவற்றை அரபிக்கடலில் பரீட்சித்தது. ஏவுகணையின் ராடார் பார்வையையே மறைக்கும் நுண்ணிழை மேகத்தை எழுப்பும் மற்றொரு ராக்கெட், 2024 ஜூன் 26-ஆம் தேதி கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டது.

வெளிநாட்டில் வாங்கினால் ஆகாதா என்று சிலர் கேட்கலாம். இழையின் நீளத்தை அறிந்தவன் நமது கேடயத்தின் அளவையும் அறிந்தவனாகிறான். ஆகவே இது சுதேசியாகவே இருத்தல் அவசியம்.

மாயம் மட்டும் போதாது, வாளும் வேண்டும். 2025 ஏப்ரல் 24-ஆம் தேதி ‘சூரத்’ என்னும் நமது நாசகாரிக் கப்பல், கடலை ஒட்டிப் பறந்து வந்த இலக்கொன்றைத் தன் ஏவுகணையால் வானிலேயே தகர்த்தது. அந்த ஏவுகணை இஸ்ரேலுடன் கூடிச் செய்தது.

கீரிப்பாறை போன்ற மலையடிவாரத்து ஊரிலிருந்தும் கடற்படைக்குப் பிள்ளைகள் போகக்கூடும். அவர்கள் பத்திரமாக வீடு திரும்புவது, ஒன்றரை நிமிஷத்தில் காற்றில் பரவும் அந்த இழைகளையும் பொறுத்திருக்கிறது. பனைமரப் பீரங்கியின் கதை அந்த அளவில் வீண்போகவில்லை.